நாலே கொசுவம்

காஞ்சிபுரத்தில் பட்டு விற்கிற ஆண்பிள்ளைக்குப் புடவை கட்டத் தெரியாவிட்டால் பிழைப்பு ஓடாது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பெரிய காஞ்சிபுரத்தில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும், வெள்ளை விரிப்பின்மேல் மீசை வைத்த ஒருவன், பேண்ட் சட்டைக்கு மேலேயே அரக்குப் பட்டைச் சுற்றி, இடுப்பு பெல்ட்டில் கொசுவத்தைச் செருகி, முந்தானையைத் தோளில் விரித்து நிற்பான். அந்த வேலையில் என்னை மிஞ்ச எங்கள் தெருவில் ஆளில்லை. இது தற்பெருமை என்று நினைப்பவர்கள் தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

நான் புடவையைச் சுற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தால், எதிரில் உட்கார்ந்திருக்கிற கல்யாணப் பெண்ணின் கண்ணில் என் மீசை மறைந்துவிடும். அவள் மணமேடையில் தன்னையே பார்ப்பாள். அதற்குக் கொசுவம் முக்கியம். ஏழு கொசுவம், ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும். பள்ளிக்கூட விடுமுறைகளில் கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் என் மகள் விரல் விட்டு எண்ணுவாள். ஏழு வந்ததும் கை தட்டுவாள். "என் கல்யாணத்துக்கும் நீதான்பா கட்டிக் காட்டணும்" என்று அந்த வயதிலேயே சொல்லி வைத்துவிட்டாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்குக் கைராசிக்காரன் என்று பெயர். நான் எடுத்துக் கொடுத்த கூறைப்புடவையைக் கட்டிய பெண் நன்றாக வாழ்கிறாள் என்று யாரோ ஒரு அம்மா ஆரம்பித்து வைத்தது, ஊர் ஊராகப் பரவிவிட்டது. அக்காவுக்கு எடுத்தவர்கள் தங்கைக்கும் என்னையே தேடி வருவார்கள். வரும்போது கையில் ஓர் இனிப்புப் பெட்டி இருக்கும். புடவை முடிவானதும் பெட்டியைத் திறந்து, "கைராசிக்காரர் முதல்ல வாயில போடணும்" என்பார்கள். மறுத்தால் அபசகுனம். முகூர்த்த மாதங்களில் பகல் முழுக்க எத்தனை கல்யாணம் என் வாய்க்குள் போனது என்று கணக்கு கிடையாது.

இது போதாதென்று பாதாம் பால். கடைக்கு வருகிறவர்களுக்கு முதலில் குடிக்க ஏதாவது கொடுப்பது எங்கள் வழக்கம். வந்தவர்கள், "இப்பதான் சாப்ட்டு வந்தோம், எதுவும் வேணாம்பா" என்று கூச்சப்படுவார்கள். விற்பவன் முதல் டம்ளரைத் தான் எடுத்தால்தான் அந்தக் கூச்சம் உடையும். பாதாம் பால் குடித்த கை வெறுங்கையாக எழுந்து போகாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒவ்வொரு குடும்பத்தோடும் நான் ஒரு டம்ளர் குடித்தேன். வெயில் காலத்தில் அதுவே கலர் சோடாவாகவும் ரோஸ் மில்க்காகவும் மாறும்.

வீட்டிலும் நான் சும்மா இருக்கவில்லை. ஐயம்பேட்டையிலிருந்து முன்பெல்லாம் சைக்கிளில் கடைக்கு வந்தவன், பைக் வாங்கிய பிறகு தெருமுனைக்குப் பால் பாக்கெட் வாங்கவும் அதில்தான் போவேன். போன் கைக்கு வந்ததும் அந்தத் தெருமுனையும் தேவைப்படவில்லை. விரலால் தொட்டால் புரோட்டாவும் சால்னாவும் வாசலுக்கே வந்துவிடும். டிவி ஓடும், தட்டு காலியாகும், யார் தின்றது என்று எனக்கே தெரியாது.

என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர். அவர் வயிறு எப்போதும் முதுகோடு ஒட்டியே இருந்தது. எங்கள் வம்சத்தில் தொப்பை போட்ட முதல் ஆள் நான்தான். அதில் என் அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தெருவில் யாராவது, "உன் பிள்ளை நல்லா பூசினாப்ல ஆயிட்டான்" என்றால், அன்று சாயங்காலமே எனக்கு மிளகாய் சுற்றிப் போடுவாள். நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு நடப்பேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. பெல்ட்டில் கடைசி ஓட்டைக்கு வந்தபோது புது பெல்ட் வாங்கினேன். அதுவும் சிறியதானபோது, இப்போதெல்லாம் தோல் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டினேன்.

என் மனைவி வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். அவள்தான் முதலில் சொன்னாள். என்னைப் பற்றி இல்லை, ஊரைப் பற்றி.

"முன்னல்லாம் ஜாக்கெட் பிட்டுல மிச்சம் விழும், குழந்தைங்களுக்கு பாவாடைக்கு ஒட்டு போடுவேன். இப்ப கைக்கே துணி பத்தல. ஊரே ஊதிக்கினு போகுது."

"வசதி வந்துடுச்சு, அவ்ளோதான்" என்றேன்.

"வசதி இடுப்புலதான் வந்து குந்தணுமா?" என்று கேட்டுவிட்டு என் இடுப்பைப் பார்த்தாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அந்த ஆவணியில்தான் அது நடந்தது. வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் வந்திருந்தது. பெண், பெண்ணின் அம்மா, ஒரு அத்தை. நல்ல கத்தரிப்பூ நிறத்தில் பச்சை பார்டர் போட்ட புடவை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. "கட்டிக் காட்டுப்பா" என்றார் அம்மா. எழுந்தேன். எழும்போதே ஒரு கையை விரிப்பில் ஊன்ற வேண்டியிருந்தது. புடவையைச் சுற்றினேன், கொசுவம் வைத்தேன், செருகினேன், முந்தானையை விரித்து இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

அந்த அம்மா முகத்தில் மலர்ச்சி இல்லை. கொசுவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் எண்ணினார்.

"என்னப்பா, நாலே கொசுவம் வருது?"

நானும் குனிந்து பார்க்க முயன்றேன். நடுவில் என் வயிறு இருந்தது.

"நீளம் கம்மியா இருக்குது" என்றார் அவர். "எம் பொண்ணு நல்ல உசரம். நாலு கொசுவத்துல எப்படி நடப்பா? முகூர்த்தப் புடவையாச்சே, தடுக்கிக்கினு விழுந்தா என்னா ஆவறது?"

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரப் புடவையைத்தான் சந்தேகப்பட்டார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் கடைப் புடவையில் நீளம் குறைவா? அந்தப் பழியை மட்டும் நான் தாங்க மாட்டேன்.

"அம்மா, எங்க புடவையில ஒரு விரக்கடை கொறஞ்சாலும் நீங்க சும்மாவே எடுத்துக்கினு போங்க" என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னேன். புடவையை அவிழ்த்து, மீட்டர் கோலை வரவழைத்து, அவர் கண் எதிரிலேயே அளந்தேன். நாலு பக்கத்திலிருந்தும் வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்தார்கள். புடவை முழு நீளம் இருந்தது. ஜாக்கெட் துணி அதற்கு மேல் தனியாக இருந்தது. வெற்றியோடு நிமிர்ந்தேன்.

அந்த அம்மா புடவையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கழுத்திலிருந்து பெல்ட் வரை நிதானமாகப் பார்த்தார்.

"புடவை சரியாத்தான் இருக்குதுப்பா" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ தப்பா எடுத்துக்காத."

பெண் அத்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பக்கத்து விரிப்பில் யாரோ வாய்விட்டே சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வியாபாரத்தை விடவில்லை, அந்தப் புடவை அன்றே பில் ஆனது. பிறகு சரக்கு அறைக்குப் போய்ப் புடவைப் பெட்டிகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன். அவமானமாக இருந்தது. என் புடவைக்காக வாதாடி ஜெயித்து, என்னைத் தோற்கடித்துக்கொண்டேன்.

முதலாளி என்னைவிட இளையவர், பழைய முதலாளியின் மகன், மரியாதை தெரிந்தவர். அடுத்த வாரம் கூப்பிட்டார். பக்கத்தில் ஒரு பொம்மை நின்றது. வழவழவென்று வெள்ளையாக, தலையே இல்லாமல். அதன் இடுப்பு என் தொடையைவிடச் சிறியது.

"அண்ணே, மனசுல வச்சிக்காதீங்க. இனிமே இதுக்குக் கட்டி காட்டிக்கலாம். நீங்க வாசல்ல சேர் போட்டு உக்காந்து வரவங்களை வாங்க வாங்கன்னு கூப்பிட்டா போதும். உங்க முகத்துக்கே பாதிப் பேர் வருவாங்க."

நாற்காலி நல்ல நாற்காலி, மின்விசிறிக்கு நேர் கீழே. உள்ளே போகிற பாதாம் பால் தட்டு முதலில் என் முன்னால்தான் நிற்கும். இனிப்புப் பெட்டியும் என்னைத் தேடி வாசலுக்கே வந்தது. அங்கே உட்கார்ந்து நான் இன்னும் பெருத்தேன். உள்ளே பொம்மை புடவை கட்டிக்கொண்டு நின்றது. ஒரு தலையில்லாத பொம்மையின்மேல் எனக்குப் பொறாமை வந்தது என்றால் நம்புங்கள்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு இடம் முடிந்தது. மாப்பிள்ளை வீடு ஆர்க்காட்டில். நிச்சயம் அப்போதே ஆகிவிட்டது, கல்யாணம் அடுத்த தையில் என்று பேசினார்கள். புடவை எடுக்கிற பேச்சு வந்ததும் மகள் சொன்னாள்.

"எங்க வேணா எடுங்க, எந்தக் கலர் வேணா எடுங்க. அந்தப் பொம்மைக்குக் கட்டினதை நான் கட்ட மாட்டேன். அப்பாதான் கட்டிக் காட்டணும்."

"அப்பாவுக்கு இப்ப வேற டியூட்டி" என்றேன்.

"நீ சொன்ன வார்த்தை இருக்குதில்லப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

அன்று மனைவி தையல் மிஷினிலிருந்து அளவு நாடாவை எடுத்து வந்தாள். என் இடுப்பைச் சுற்றினாள். நாடாவின் நுனி எட்டவே சிரமப்பட்டது. அளவை அவள் சொல்லவில்லை. "இந்த அளவுத் துணில ரெண்டு பேருக்கு ஜாக்கெட் தைக்கலாம்" என்றாள். டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனாள். சர்க்கரை வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே விடாதீர்கள் என்றார் அவர். முட்டி வலிக்கும், மூச்சு வாங்குவதற்கும், என் குறட்டைக்கும் ஒரே காரணம் சொன்னார். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த நாலு கொசுவம்தான். தையில் கடையில் மாப்பிள்ளை வீட்டார் எதிரில் நின்று, என் மகளுக்கு நாலு கொசுவத்தைக் காட்டி என்னால் நிற்க முடியாது.

பட்டினி கிடப்பது எளிது என்றுதான் நினைத்தேன். இனிப்பு வேண்டாம், சர்க்கரை வரும் போலிருக்கிறது என்று சொன்னால், "ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆவாது" என்று வாயில் திணிப்பார்கள். ஆனால் கோயில் ஊரில் விரதம் என்று சொன்னால் எவனும் வற்புறுத்த மாட்டான். செவ்வாய் ஒரு சாமிக்கு, வியாழன் ஒரு சாமிக்கு, நடுவில் ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம். வாரத்தில் பாதி நாள் பக்திமான் ஆனேன். முதலாளியே என்னைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார். ஆனால் விரதக்காரனுக்குச் சோறுதான் கிடையாது, பலகாரம் உண்டு. ரவை உப்புமா, சேவை, அவல் பாயசம், பிரசாதம் என்று தெரிந்தவர்கள் கொண்டுவந்து கொடுத்த புளியோதரை. மனைவி மறுபடியும் நாடாவைச் சுற்றியபோது அளவு கூடியிருந்தது.

"சாமியை ஏமாத்தினா அவரு இடுப்புலதான் எழுதுவாரு" என்றாள்.

பிறகு அவளே வழி சொன்னாள். "பாதாம் பாலை நீ குடிக்கணும்னு யாரு அழுதாங்க? உன் கையில டம்ளர் இருக்கணும், அவ்ளோதானே. எவர்சில்வர் டம்ளர்ல என்னா இருக்குதுன்னு எதிர்ல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த நாள் முதல் என் டம்ளரில் சீரகத் தண்ணீர். பாதாம் பாலைப் போலவே ஊதி ஊதிக் குடித்து, உதட்டைத் துடைத்து, "ஆகா" என்றும் சொல்வேன். நடிப்பு எனக்குப் புதிதா என்ன? மீசையோடு மணப்பெண்ணாக நின்றவன் நான். எதிரில் இருந்தவர்கள் கூச்சம் விட்டுக் குடித்தார்கள், வியாபாரம் குறையவில்லை.

இனிப்புக்குத்தான் வழி கிடைக்காமல் இருந்தது. கைராசிக்காரன் வாயில் முதல் துண்டு விழாவிட்டால் பெற்றவர்களுக்கு மனசு கேட்காது. ஒரு நாள் செய்யாறிலிருந்து வந்த ஒரு அம்மா லட்டை என் வாயருகே நீட்டிவிட்டார். சட்டென்று அதை வாங்கி, பிட்டு, பக்கத்தில் நின்ற கல்யாணப் பெண்ணின் வாயில் போட்டேன்.

"கைராசிங்கறது இந்தக் கைதாம்மா. இந்தக் கையால முதல் வாய் பொண்ணுக்குத்தான் போகணும். அதுதான் எங்க கடை வழக்கம்" என்றேன்.

அப்படியொரு வழக்கம் அந்த நொடி வரை கிடையாது. ஆனால் அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். பெண் சிரித்தாள். கூட வந்தவர்கள் போன் எடுத்துப் படம் பிடித்தார்கள். படம் எங்கெங்கோ போயிற்று. அதற்குப் பிறகு வந்த குடும்பங்கள் எல்லாம் பெட்டியைத் திறந்து பெண்ணை முன்னால் தள்ளின. கொஞ்ச காலத்திலேயே ஒரு பெரியவர் எனக்கே விளக்கம் சொன்னார்: "இது பல்லவர் காலத்து வழக்கம்பா, இப்பதான் மறந்துட்டாங்க." நான் பணிவாகத் தலையாட்டினேன். இந்த ஊரில் ஒரு காரியம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு வயது கூட்டிச் சொன்னால் போதும்.

மற்றதெல்லாம் சாதாரணப் பாடுதான். பைக்கை வீட்டில் விட்டு ஷேர் ஆட்டோவில் வந்து, முன்கூட்டியே இறங்கி ராஜவீதிகளைச் சுற்றி நடந்து கடைக்குப் போனேன். வடை வாசனை வருகிற முனையில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பேன். போனிலிருந்து அந்தப் புரோட்டா ஆப்பை மகள் எடுத்துவிட்டாள். டிவி எதிரே தட்டு வரக்கூடாது என்பது மனைவியின் சட்டம். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டபோதுதான் எனக்கு எப்போது வயிறு நிறைகிறது என்றே தெரிந்தது. வாசல் நாற்காலியை முதலாளியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வாங்க வாங்க என்றேன். எடை எவ்வளவு குறைந்தது என்று நான் பார்க்கவில்லை. கடை திறந்து ஆள் வருவதற்குள், பொம்மை கட்டியிருக்கும் புடவையை அவிழ்த்து நான் கட்டிப் பார்ப்பேன். நாலு, நாலரை, ஐந்து.

மார்கழி முடிந்து தை பிறந்ததும் மாப்பிள்ளை வீட்டார் புடவை எடுக்க வந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் விரிப்பின் மறுபக்கம், வாங்குகிறவர்கள் பக்கம் உட்கார்ந்தேன். என் முன்னால் பாதாம் பால் வந்தது. புடவைகள் வந்து விழுந்தன. மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் போட்டது ஒன்று. மகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். விற்பனைக்கு இருந்தவர் பழக்கதோஷத்தில் பொம்மையை இழுத்தார். முதலாளி எழுந்து வந்து, தன் கையாலேயே அதை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அண்ணே, நீங்க வாங்க" என்றார்.

எழுந்தேன். இந்த முறை கையை ஊன்றவில்லை. சம்பந்தியம்மா முகத்தில் லேசான திகைப்பு. பெண்ணைப் பெற்றவன் புடவை கட்டுவதை அவர் பார்த்திருக்க மாட்டார். எனக்குக் கூச்சமே இல்லை, இது என் தொழில். ஒரு சுற்று சுற்றினேன். கொசுவம் வைத்தேன். மகள் பழைய மாதிரியே விரல் விட்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்து. ஆறு. ஏழாவதற்குத் துணி இல்லை, இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. முந்தானையை விரித்து இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"ஆறுதான்மா வருது" என்றேன் அவளிடம். என் குரல் எனக்கே சிறியதாகக் கேட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடையில் எத்தனையோ பெண்கள் பார்த்த மாதிரி, என் மீசையைத் தாண்டி எங்கோ தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. "எனக்கு இதுதான்பா" என்றாள்.

சம்பந்தியம்மா இனிப்புப் பெட்டியைத் திறந்தார். "எங்க அக்கா பொண்ணுக்கு எடுத்தப்பவே கேள்விப்பட்டேன். உங்க கடையில முதல் வாய் பொண்ணுக்குத்தானாமே? ரொம்ப பழைய வழக்கமாம்."

"ஆமாங்க" என்றேன். லட்டை எடுத்துப் பிட்டேன். எத்தனையோ பெண்களுக்கு ஊட்டிய அதே கை. அந்த வழக்கம், இனிப்பிலிருந்து தப்பிக்க நான் கட்டிவிட்ட பொய். கை என் மகளின் வாயருகே போனபோது அதில் பொய் எதுவும் மிச்சமில்லை. அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு என் கையிலிருந்த மீதிப் பாதியைப் பிடுங்கி என் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இன்னிக்கு ஒருநாள் நீயும் சாப்புடுப்பா."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள். புடவையோடு நின்றபடியே மென்று தின்றேன். ஏலக்காய் மணத்தது, நெய் நாக்கில் கரைந்தது, ஒரு கிராம்பு கடிபட்டது. அந்தக் கடையில் அத்தனை வருஷமும் வாய் ஓயாமல் தின்றவன் நான். அவற்றில் எனக்கு ருசி நினைவிருப்பது அந்த அரை லட்டு மட்டும்தான்.